எழுபது விழுக்காடு ஈரம்

கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
காட்பாடி ஆய்வகச் சுவரில்
ஈரமானி பத்தொன்பதில் படுத்துக் கிடக்கிறது.
பாலாற்றுப் பாலத்து விளக்குக் கம்பத்தில் பிடித்த சிலந்தி
பஞ்சின்மேல் மல்லாந்து,
எட்டுக் காலும் டேப்புக்குள்.
பர்வீன் அதன் அடிவயிற்றில் தொட்டு இழுத்து
கடிகார மோட்டாரில் இழை சுற்றுகிறாள்.
வலிக்காது என்கிறாள்.
சிலந்தியைக் கேட்கவில்லை.

இருபது இழை சேர்த்து ஒரு சாண்.
நுனியில் ஒரு ஸ்டேப்ளர் பின்.
காற்றில் ஆடுமென்று விசிறியை நிறுத்திவிட்டு
வேர்த்துக்கொண்டு நிற்கிறோம்.
இழை விறைத்து நிற்கிறது,
நேர்காணலுக்கு வந்தவன் மாதிரி.

உள்ளே என்ன நடக்கிறதென்று
போன வாரம் காந்தத்திடம் கேட்டிருந்தோம்.
தலைகீழாய்ப் பேசும் கருவி அது.
அசையாததை அகலமாய் இழுகிக் காட்டும்,
ஓயாமல் ஆடுவதை
ஊசிமுனையாய் நிறுத்தும்.
காய்ந்த இழைக்கு வெறும் மேடு.
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும்
மேட்டின் நடுவே ஒல்லியாய் ஒரு கோடு:
கிளைசின் மிகுந்த சங்கிலிகள்
பிடி தளர்ந்து ஆடத் தொடங்கியிருந்தன.
அலனைன் அடுக்குகள் மட்டும்
தண்ணீரை வாசலோடு அனுப்பிவிட்டன.

"அப்போ பலம் எதுல? அடுக்குலயா, ஆட்டத்துலயா?"
நைட்ரஜன் நிரப்ப வந்த எத்திராஜ் கேட்டான்.
அடுக்கு மட்டுமென்றால் படக்கென்று முறியும்,
ஆட்டம் மட்டுமென்றால்
என்று ஆரம்பித்தேன்.
கூரைத் தகரம் அதிர்ந்தது.

மழை.
ஜன்னல் சாத்த ஓடியவளை
"விடு" என்றேன்.
கரண்ட் போனது.
கைபேசி வெளிச்சத்தில் ஈரமானி
நாற்பது, ஐம்பத்தைந்து, அறுபத்தாறு.
இழை சும்மா இருந்தது.
எழுபதைத் தாண்டியதும்
பின் ஏறத் தொடங்கியது.

யாரும் இழுக்கவில்லை.
நூற்றபோது நேராக்கப்பட்ட சங்கிலிகள்
சுருண்டுகொள்ள இடம் கிடைத்ததும் சுருண்டன.
கோடானு கோடி, ஒவ்வொன்றும்
போன திசை தெரியாமல் தள்ளாட,
கூட்டிப் பார்த்தால்
ஒரு துண்டு இரும்பு மேலே போகிறது.
இதனால் சிலந்திக்கு என்ன லாபம் என்பதில்
அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு.

"நாலு விரக்கடை" என்றான் எத்திராஜ்.
"எழுபத்தி மூணு மில்லிமீட்டர்" என்று எழுதினாள்
விசாரத்துக்குக் கடைசிப் பேருந்தை
விட்டுவிட்டிருந்த பர்வீன்.

திரும்பியபோது பஞ்சு காலியாக இருந்தது.
ஈரத்தில் டேப்பின் பசையும் இளகும் என்று
எங்கள் நோட்டில்
எங்கும் எழுதியிருக்கவில்லை.