தொண்ணூற்றொன்பது

ஓல்ட்டன் நிலையத்துக் கடிகாரத்தின் சிவப்பு முள்
ஒவ்வொரு நிமிடமும் பன்னிரண்டில் வந்து
ஒன்றரை நொடி நிற்கும்.
பழுதல்ல. அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள்.
எங்கோ ஒரு தாய்க்கடிகாரம்
‘ம்’ சொன்னால்தான் அடுத்த நிமிடம் என்று
தர்மிலாவுக்கு விளக்கினேன்.
‘ஏன், அதுக்குத் தனியாப் போகப் பயமோ?’ என்றாள்.

விளையாட்டு திறக்குமுன்
திரையின் அடியில் ஊருமே ஒரு பட்டை,
அதை வரைவது என் வேலை.
சம்பளம் தருகிறார்கள்.
பக்கத்து மேசை ரெகுலா
விண்கலக் கதவுகளுக்கு ஓசை தேடுகிறவள்.
நேற்று முழுக்கக் குளிர்பெட்டியின் ரப்பர் விளிம்பைப்
பிரித்துப் பிரித்துப் பதிந்தாள்.
நாலாயிரத்து எண்பதாம் ஆண்டின் காற்றுப்பூட்டுக்கு அந்தப் பக்கம்
எங்கள் தயிர்க்கிண்ணங்கள் இருக்கின்றன.

என் பட்டை பொய் சொல்லும்.
எத்தனை கோள் ஏறியது, எவ்வளவு மழை பாக்கி,
எதுவும் அதற்குத் தெரியாது.
எழுபதுவரை ஓடும். மூச்சு வாங்கும்.
எண்பத்தாறில் ஒரு சின்னத் தாவல்.
தாவலை நான்தான் வைத்தேன்.
நேர்மையான பட்டையைத்தான் முதலில் கொடுத்தோம்:
பன்னிரண்டில் உறைந்து கிடந்து
திடீரென்று நூறு.
சோதித்த பதினொரு பேரில் ஒன்பது பேர்
நூறு வருமுன்னே அணைத்துவிட்டார்கள்.

அறிவியல் கதைகளோடு எனக்குள்ள சண்டை இதுதான்.
அங்கே யாரும் காத்திருப்பதில்லை.
ஒரு நெம்புகோல், நட்சத்திரங்கள் கோடாகும்,
வேறு சூரியன்.
ஒளியாண்டு கடந்தவனுக்குக் கால் வீங்குவதில்லை,
அவன் தாளில் முத்திரை குத்தும் அதிகாரி
சாப்பிடப் போயிருப்பதில்லை.
பேழைக்குள் நூறு வருடம் கிடப்பவர்கள்கூடத்
தூங்குகிறார்கள்,
அது வேறு.
எதிர்காலத்தை வரைந்தவர்களில்
ஒருவரும் ரயிலைத் தவறவிட்டதில்லைபோல.

நான் தவறவிட்டேன், ஒரு புதன்கிழமை.
பாசல் போகிற வண்டி.
அடுத்ததற்கு இருபத்தெட்டு நிமிடம்,
ஆறாம் மேடை, கையுறை ஒன்றுதான் இருந்தது.
மடிக்கணினியில் மொழி அட்டவணை:
பிட்டெ வார்ட்டன் என்று ஜெர்மன்,
அதன் பக்கத்தில் பிரெஞ்சு, இத்தாலியன்,
மொத்தம் பதினான்கு நிரல்.
பதினைந்தாவதை யாரும் கேட்கவில்லை.
திறந்து
‘பொறு’ என்று தட்டினேன்.

பொறு என்றால் நில்.
தாங்கு என்பதும் அதுதான்.
பொறுத்துக்கொள் என்றால் மன்னித்துவிடு.
பொறை, சுமையும்கூட.
ஏறிக்கொண்டிருக்கும் பாரம், காத்திருக்கிற ஆள்,
பட்டையின் பொய்க்குக் கேட்கவேண்டிய மன்னிப்பு,
இவ்வளவையும் எவரோ
ஈரெழுத்தில் அடக்கிவிட்டுப் போயிருக்கிறார்.
எனக்கு ஐந்து மாதமாகிறது.
கொஞ்சம் பொறாமை.
அதுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

முள் வந்தது. நின்றது.
அந்த ஒன்றரை நொடியில் மேடையில்
ஒருவரும் எதையும் அணைக்கவில்லை.

மறுநாள் பட்டையைத் தொண்ணூற்றொன்பதில் நிறுத்தினேன்.
எல்லாம் ஏறி முடிந்தபிறகும், சும்மா,
ஒன்றரை நொடி.
ரெகுலா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
அந்த இடத்துக்கு மட்டும்
குளிர்பெட்டியின் உறுமலைத் தணித்து வைத்துக் கொடுத்தாள்.
ஃபப்ரீஸ் ஒரு நொடியாகக் குறைக்கச் சொன்னான்.
குறைத்தேன்.
அந்த அரை இன்னும் செருப்புக்குள் கல்.

இன்று காலை பழுதுப் பட்டியலில் புதிய வரி:
‘தொண்ணூற்றொன்பதில் தொங்குகிறது.
பதினைந்தாம் நிரலில் ஏதோ எழுத்துரு உடைந்திருக்கிறது.’
என் பெயருக்கே ஒதுக்கியிருக்கிறார்கள்.
மூடாமல் வைத்திருக்கிறேன்.