புருவத்தில் பஞ்சு

இரவு இரண்டே முக்கால். பல்லடம் அரசு மருத்துவமனை.
ஆட்டோ நிற்குமுன்னே குரல் இறங்கியது:
"வண்டியில உழுந்துட்டானுங்க அம்மிணி,
பஸ் ஸ்டாண்டுகிட்ட."

முகம் அப்புறம். முதலில் மூச்சு.
மல்லாந்து கிடந்து
தன் ரத்தத்தைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தான்.
சிஸ்டர் சம்பூரணம் கழுத்தை அசையாமல் பிடிக்க
ஒருக்களித்துத் திருப்பினோம்.
வாயிலிருந்து ஒரு பல் விழுந்தது, வேரோடு.

பெயர் திகம்பர் நாயக். ஒடிசா.
எனக்கு அவன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.
பல் பழையபடி பொருந்துகிறதா என்று
எப்படிக் கேட்பது?
என் பல்லைக் கடித்துக் காட்டினேன்.
அவனும் கடித்தான்.
நாக்கழுத்தும் மரப்பட்டையைக் கடிக்கக் கொடுத்து முறுக்கினேன்.
பட்டை முறிந்தது.
தாடை தப்பித்தது.

வீக்கம் பொய் சொல்லும்.
அமுங்கிய கன்னத்தை உப்பவைத்து
ஒன்றுமில்லை போ என்னும்.
தலைமாட்டில் நின்று
இரண்டு கண்குழி விளிம்பிலும் ஒரே நேரம் விரல் ஓட்டினேன்.
வலது விரல் வழுக்கிப் போனது.
இடது விரல் ஒரு படி இறங்கியது.

மின்விசிறியைக் காட்டினேன்.
வலது கண் விசிறிக்குப் போனது.
இடது கண் என்னிடமே நின்றது.

உணர்வு பார்க்கப் பஞ்சு வேண்டும்.
சிஸ்டர் டப்பாவைத் திறக்குமுன்
அவன் புருவத்திலேயே இருந்தது,
காதோரத்திலும், இமைமுடியிலும், வெள்ளையாய்.
ஓர் இழை கிள்ளி
வலது கன்னத்தில் வைத்தேன். தலையசைத்தான்.
இடது கன்னத்தில், மேலுதட்டில் வைத்தேன்.
அவனுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளங்கையில் சிராய்ப்பில்லை, முழங்காலில் மண்ணில்லை.
பைக்கிலிருந்து விழுந்தவன் மேல்
யார் பஞ்சு தூவியது?

"எந்தப் பட்டறைங்க?" என்றேன்.
மேஸ்திரி கந்தப்பன் போனைத் தடவினான்.
"எழுதறதுதானுங்க, எப்படி எழுதினா என்னங்க?"

திகம்பர் கை நீட்டி என் பேனாவை எடுத்தான்.
அட்டையின் மேல்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்.
நான்காம் ஓட்டத்தில்
தன் கண்ணைப் பார்க்கத் தெறிக்கவிட்டான்.

அதே பேனாவால் பதிவேட்டில் எழுதினேன்:
விசைத்தறி நாடா தெறித்து.
இடது கன்ன எலும்பு. கண்குழித் தளம்.
கோவைக்கு.

ஒன்று பாக்கி.
மூக்கைச் சிந்தக் கூடாது, காற்று கண்குழிக்குள் ஏறும்.
அதையும் நடித்தேன்.
மூக்கைப் பிடித்தபடி நான் வேண்டாம் வேண்டாமென்று தலையாட்ட
பாதி முகத்தால் சிரித்தான்,
உடனே வலித்து நிறுத்திக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் கிளம்பியது,
ஆவின் பாலில் முங்கிய பல்லோடு.
முன்சீட்டில் கந்தப்பன், போனில்:
"ஆமாங்க. வண்டிதானுங்க."