பக்கவாட்டு

நூற்றுப்பத்துப் பொட்டலம் சர்க்கரை,
கிலோ கிலோவாக, மூன்று தள்ளுவண்டியில்.
"பிப்ரவரியிலேயே ஜாம் காய்ச்சுகிறாயா?" என்றேன்
கல்லாவிலிருந்து.
"ஒன்றை உடைக்கப் போகிறேன்" என்றாள் இர்மெலி.
"கூட ஒரு கை வேண்டும், என்சியோ.
ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவாய்தானே?"

பகலில் பால் லாரி ஓட்டுகிறவள்.
இரவில், லப்புவா ஆற்றங்கரைக் கொட்டகையில்
விமானம் கட்டுகிறாள் என்று ஊருக்கே தெரியும்.
நான் விமானத்தைத் தேடினேன்.
சுவர் முழுக்க, ஆணிக்கு ஒன்றாய்,
இருபத்தேழு விலாக்கள்தான் தொங்கின.
பென்சிலைவிட மெல்லிய பைன் குச்சிகள்,
அவை கூடும் இடமெல்லாம்
தபால்தலை அளவில் பிர்ச் ஒட்டுப்பலகை.
ஒன்றை என் கையில் வைத்தாள்.
ஒரு ஆரஞ்சின் கனம்.
எங்கே பிடிப்பதென்று தெரியாமல்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கணக்கை, பால் கணக்குப்போலவே ஒப்பித்தாள்:
எஞ்சின், எண்ணெய், தான் எல்லாம் சேர்த்து
நானூற்றெண்பது கிலோ.
சட்டென்று மூக்கைத் தூக்கினால்
மூன்று புள்ளி எட்டு மடங்கு.
அதற்கும் மேல், தெரியாததற்காக ஒன்றரை மடங்கு.
இருபத்தாறால் வகுத்தால்
விலா ஒன்றுக்கு நூற்றைந்தும் கொசுறும்.
"இருபத்தேழாவது?"
"அது சாவதற்கு."

பதினொன்றைக் கழற்றினாள்.
மின்சாரம் போன இரவில் ஒட்டியது அது;
குளிரில் பசை சரியாக இறுகியதோ இல்லையோ.
"ஆக நல்லதை உடைத்து என்ன தெரிந்துகொள்வேன்?" என்றாள்.

தலைகீழாய்ப் பூட்டினாள், இரண்டு உத்தரங்களின் மேல்:
காற்று மேலே தூக்குவதை
பூமி கீழே இழுத்துக் காட்டும்.
மூக்குப் பக்கம் நெருக்கமாக, வால் பக்கம் ஒன்றிரண்டாக
நூல்களில் தொங்கவிட்டோம் பொட்டலங்களை.
மூலைக்குச்சி ஒன்றில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள்:
முதலில் போவது இதுதானாம்.

அறுபதில் ஒரு முனகல்.
எண்பதில் நான் கிசுகிசுவென்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.
தொண்ணூற்றேழைக் கொக்கியில் மாட்டிக் கையை எடுத்தேன்.

சத்தம் என்று சொல்ல முடியாது,
யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல.
பிறகு தரையெல்லாம் சர்க்கரை.
நாலு பொட்டலம் கிழிந்திருந்தது.

மண்டியிட்டு டார்ச்சு அடித்தாள்.
பசை விடவில்லை, ஒரு மூட்டில்கூட.
சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.
உடைந்தது அடிக்குச்சி, உத்தரங்களுக்கு நடுவே;
அதுவும் மேலேயோ கீழேயோ வளைந்து அல்ல,
பக்கவாட்டில், என்னை நோக்கிப் பிதுங்கி.

"எட்டுக் கிலோ குறைவு" என்றேன்,
வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.
அவள் காதில் விழவில்லை.
மேசையில் விரித்திருந்த வரைபடத்தின்
ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.
தட்டையாகக் கையில் தொங்கியது தாள்.
"காகிதத்துக்குப் பக்கவாட்டே கிடையாது" என்றாள்.
ஒன்பது மாதம் இதன்மேல் குனிந்திருக்கிறாள்.

காபி ஆறிப்போனது. அவள் அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.
நான் பெருக்கினேன்; மரத்தூளும் சர்க்கரையும்
பிரியாமல் முறத்தில் ஏறின.

பன்னிரண்டை எடுத்தபோது மணி இரண்டு.
குச்சி வேறில்லை, பசை வேறில்லை.
ஒரு விரல் அகலப் பருத்தி நாடா மட்டும்
அடிக்குச்சியைச் சுற்றி, இருபுறத் தூண்களுக்கு.
இறக்கையில் இதே நாடா
ஒரு விலாவிலிருந்து அடுத்ததற்கு ஓடுமாம்,
நுனி முதல் நுனி வரை.
முடிச்சுப் போடும்வரை ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.
"இறுக்காதே" என்றாள். "ஆட விடாமல் இருந்தால் போதும்."

தொண்ணூற்றேழைத் தாண்டும்போது
இருவரும் ஒரு எட்டுப் பின்வாங்கினோம்.
நூறு. நூற்றைந்து.
நூற்றாறு.
அடுத்த பொட்டலத்துக்குக் கை நீட்டினாள்.
சர்க்கரை தீர்ந்துவிட்டிருந்தது.