தொண்ணூற்றேழாம் நாள்

மோவாயில் ஏழு முடி.
எண்ணி வைத்திருக்கிறேன்.
பிடுங்கினால் எட்டாய் வரும் என்பாள்
லைனில் எனக்குப் பின்னால் தைக்கும் ஹபீபா.
அவளுக்கும் உண்டு, துப்பட்டா காப்பாற்றுகிறது.
எனக்கு, பசை நாற்றத்துக்குக் கம்பெனி கொடுத்த மாஸ்க்.
டீ குடிக்கும்போதும்
ஒரு காதில் தொங்கவிட்டு மறைத்துக்கொள்வேன்.

கழுத்து மடிப்பில் கருப்பு.
தேங்காய் நாரால் தேய்த்தேன்,
எலுமிச்சை மூடியால் தேய்த்தேன்,
எரிந்தது, போகவில்லை.
பன்னிரண்டு வருஷமாய் ஆம்பூரில் ஷூ தைக்கிறவள்;
இது உண்ணி கடித்த வடு, இது முள் கீறியது என்று
ஆட்டுத்தோலைத் தடவியே சொல்லிவிடுவேன்.
என் தோல் சொன்னதை
அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"இன்னா, விசேஷம் கீதா?"
பைபாஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடையில், பெந்தெகொஸ்தே கூட்டத்தில்.
மாதம் தள்ளினால் வயிற்றில் உண்டா என்றார்கள்.
இல்லையென்றால் பிறகு ஏன் தள்ளியது என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஒற்றைக் கோடு விழுந்த அட்டையை
ட்யூப்லைட்டில் சாய்த்துச் சாய்த்து
இன்னொரு கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் வேலூருக்குப் போனோம், நானும் நேசக்குமாரும்.
லாட்ஜ் சந்து முழுக்க வங்காள எழுத்து.
எங்கிருந்தோ இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்கள்
எங்களுக்கு முன்னால் வரிசையில்.
ஒரு மணி நேரத் தூரம் வர
எனக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மூத்திரம் முட்ட முட்ட ஸ்கேன்.
கருப்புத் திரையில் ஓரமாய்ச் சின்னச் சின்ன வட்டங்கள்.
"நீர்க்கட்டி என்னு பேர்தான், பயப்படண்டா,
எல்லாம் பாதியில நின்ன முட்டை"
டாக்டரின் தமிழில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது.
எனக்குச் சட்டென்று புரிந்தது.
கட்டிங்கில் இருந்து ஆர்டர் ஷீட் சரியாய் வராத நாளில்
எங்கள் லைனில் அப்படித்தான்:
நாக்கு இருக்கும், குதிகால் இருக்கும்,
ட்ரே ட்ரேயாய்ப் பாதி ஷூ,
ஒன்றும் பெட்டிக்குப் போகாது.
தைக்கிறவள் மேல் கத்துவார்கள்.

குழந்தைக்கு வழி உண்டு, நிறைய பேருக்கு ஆகிறது என்றார்.
இவருக்கும் டெஸ்ட் எழுதினார்; இவர் கூரையைப் பார்த்தார்.
"பட்சே குழந்தை வேண்டான்னாலும் இதைப் பார்க்கணும்.
சுகர் வரும். மூணு மாசத்துக்கு மேல வராம விட்டா
கர்ப்பப்பை உள்பக்கம் தடிச்சுப் போகும்.
தூக்கம் எப்படி? மனசு எப்படி?"
மனசு எப்படி என்பதற்கு
இத்தனை மணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதா,
வெளியே எழுபது டோக்கன்.
"பரவால்ல" என்றேன்.

அன்றிலிருந்து காலண்டரில் வெள்ளிப் பேனா,
தோலில் அளவு குறிப்போமே அது.
சாய்த்துப் பார்த்தால்தான் மின்னும்.
மாத்திரை ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கியது.
மாலையில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன்.
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று வந்தது.
அப்புறம் ஏற்றுமதி அவசரம், ஓவர்டைம்,
மாத்திரை தீர்ந்தது, லீவு கிடைக்கவில்லை.
தொண்ணூறு தாண்டியது.

தொண்ணூற்றேழாம் நாள்
"பாலாறு வந்துகீதாம்!"
லைனே எழுந்து ஓடியது.
பாலம் முழுக்க ஜனம்.
மணலாய்க் கிடந்ததில் செங்காவித் தண்ணீர் புரண்டு வர
மஞ்சள் தூவினார்கள், கற்பூரம் காட்டினார்கள்,
ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அடிவயிறு முறுக்கியது.
தொடையில் சூடு.

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்கு ஐந்து ரூபாய்.
தாழ்ப்பாள் இல்லாத கதவை ஹபீபா
வெளியே முதுகால் அழுத்திப் பிடித்திருந்தாள்.
நிற்காமல் போனது.
தூரத்தில் பட்டாசு வெடித்தார்கள், ஆற்றுக்கு.

மறுநாள் லீவு லெட்டர்.
காரணம் என்ற இடத்தில் எப்போதும் காய்ச்சல் என்று எழுதுவேன்.
இந்தத் தடவை ஹார்மோன் என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் எழுத்துக்கூட்டிப் படித்தார்,
நாலு மெஷின் நின்றது.
"யாருக்கும்மா?"

எனக்கு சார்.
சுகிர்தாவுக்கு.