எட்டாம் நம்பர்

கேக்குக்கு அபுந்தியோ மாமா.
கிரீடத்துக்கு, இறைச்சி ஆலையில்
அம்மாவோடு எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கும்
மூன்று பெண்கள்.
பாட்டுக் கோஷ்டிக்கு டயர் கடைக்காரர்
பாதிப் பணம், மீதி பிப்ரவரியில்.
காலணிக்கு நான்.

கின்சேன்யேரா என்றால் இப்படித்தான்.
ஆளுக்கொரு முனையைப் பிடித்து
ஒரு பெண்ணைப் பதினைந்துக்குள் தூக்கிவிடுவார்கள்.
நெப்ராஸ்காவில், நவம்பரில்,
தீயணைப்பு நிலைய மண்டபம் கிடைப்பதுதான் கஷ்டம்.
மான் வேட்டைக்காரர்களின் விருந்தும் அதே வாரம்.

யாரெலியின் கவுன் கத்தரிப்பூ நிறம்,
உள்ளே ஆறு அடுக்கு வலைத்துணி.
காரின் பின்னிருக்கையில் அவளைத் திணித்தபோது
துணி பொங்கி முகத்தை மூடிக்கொண்டது.
"மூச்சு விடுறியா?"
"தேவைப்பட்டா விடுறேன்."

எனக்குப் பதினைந்து ஆனது ஒரு வியாழக்கிழமை.
அன்றைக்கு ஆலையின் ரம்பம்
அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்களை
எடுத்துக்கொண்டது.
மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார்.
அம்மா என் வாயைப் பார்த்தாள்.
ஒட்டவைக்க முடியாது என்பதற்கு
ஸ்பானிய மொழியில் எத்தனை சொல் வேண்டுமென்று
எண்ணிப் பார்த்தேன்.
மூன்று.
மூன்றையும் சொன்னேன்.
நர்ஸ் எனக்கு ஆரஞ்சு ஜெல்லி கொடுத்தாள்,
பிளாஸ்டிக் கரண்டியோடு.
நான் பெரியவளானது அப்படி.
யாரும் போட்டோ எடுக்கவில்லை.

சரி, அது எட்டு வருஷக் கதை.
இன்றைக்குப் பூசை முடிந்தது, பீன்ஸ் வெந்தது,
வாடகைக் கோட்டில் ஏழு பையன்கள்
ஒன்று இரண்டு மூன்று என்று முணுமுணுத்துச் சுழன்றார்கள்.
எவரார்தோ மட்டும் எல்லாரும் இடதுபக்கம் போகையில்
வலதுபக்கம் போய்
தனியாக ஒரு தூணைச் சுற்றி வந்தான்.

பிறகு நடுவில் ஒரு நாற்காலி.
அப்பா மண்டியிட்டார்.
யாரெலியின் தட்டைச் செருப்பைக் கழற்றி ஓரம் வைத்தார்.
தலையணை மேலிருந்த வெள்ளை ஹீல்ஸை எடுத்து
வாரைக் கொக்கிக்குள் செருகினார்.
நழுவியது.
மறுபடி.
நழுவியது.
அக்கார்டியன்காரன் துருத்தியை விரித்தபடியே
மூச்சைப் பிடித்து நின்றான்.
யாரெலி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கண்மை வழியாமலிருக்க.
உதவிக்கு எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.
மூன்றாம் தடவை
மூன்று விரல்களும் சொன்னபடி கேட்டன.

கைதட்டலில் அவள் எழுந்தாள்.
குதிகால் காலணியை விட்டு வெளியே வந்தது.

எட்டாம் நம்பர்.
அவள் கால் ஆறரை.
கடையில் எனக்குப் போட்டுப் பார்த்து
நன்றாயிருக்கிறது என்று வாங்கிவிட்டேன்.
வேறெதுவும் நினைக்கவில்லை
என்று பாதிரியாரிடமும் சொல்வேன்,
அவர் நம்புகிற வரைக்கும்.

வால்ட்ஸ் முழுக்க
அப்பா அவளை அரை அங்குலம் தூக்கியே ஆடினார்.
எனக்குத் தெரிந்தது. அவளுக்கும்.
மற்றவர்களுக்கு அழகாகத்தான் இருந்திருக்கும்.

அதன்பின் வெறுங்காலோடு
ஒரு மணி வரை அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை.
கிரீடம் எவரார்தோவின் தலைக்குப் போனது.
கேக்கின் கடைசி அடுக்கை
வேட்டைக்காரர்களுக்கென்று ஃப்ரிட்ஜில் வைத்தாள் அம்மா.
மீதி எல்லாரும் பனிக்குள் போய்
ஒவ்வொரு கார் விளக்காய் மறைந்தார்கள்.

குப்பைப் பையோடு மேசைகளுக்கடியில் குனிந்தேன்.
அங்கே கிடந்தன, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.
அணிந்தேன்.
பொருந்தியது.
கொக்கி ஒரே தடவையில் மாட்டியது.

பேப்பர் தட்டுகளைப் பொறுக்கியபடி நடந்தேன்.
டக். டக்.
காலி மண்டபத்தில் அந்தச் சத்தம்
என் வயதைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஒலிபெருக்கி வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பா
திரும்பினார்.
என் காலைப் பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு
பிடுங்கிய பிளக்கை
மறுபடி சுவரில் செருகினார்.