முத்திரை தெளிவில்லை

போதகர் அருள்வரதன் கரும்பலகையில் எழுதினார்:
எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக.
இருபது புள்ளி. அடுத்த புதன் கொண்டு வாருங்கள்.

பெரியகல்லாறு உபதபாலகத்தில்
இருபத்தேழு வருடம் கடிதம் தரம்பிரித்தவள் நான்.
லேசான கேள்வி என்றுதான் நினைத்தேன்.

இரவு, சாப்பாட்டு மேசையில் அந்த நிருபத்தை விரித்து
தபால்காரியின் கண்ணால் பார்த்தேன்.
அனுப்புநர் இல்லை.
பெறுநர்: பிறகு யாரோ ஒட்டிய சீட்டு,
கை வேறு, பசை வேறு.
திகதி இல்லை. தொடக்கத்தில் ஒரு வணக்கம் கூட இல்லை,
நடுப்பேச்சில் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறது.
ஆசாரியர், கூடாரம், இரத்தம், திரைச்சீலை
என்று பக்கம் பக்கமாகப் போய்
கடைசியில்தான், அடடா இது கடிதமல்லவா என்று
நினைவு வந்தாற்போல்
நாலு பேருக்குச் சுகம் சொல்கிறது.
என் கையில் இப்படி ஒன்று வந்திருந்தால்
நூல் போட்டுக் கட்டி
கேட்பாரற்ற கடிதப் பிரிவுக்கு அனுப்பியிருப்பேன்.

போதகர் தந்த தாள்களில் ஊகங்கள் நிறைய.
பெரிய அப்போஸ்தலர் என்று நம்பியது ஒரு காலம்,
அந்தப் பெயர் இல்லாவிட்டால்
உள்ளே இடம் கிடைத்திராதாம்.
பேச்சு வல்ல அலெக்சாந்திரியாக்காரர் ஒருவராக இருக்கலாம்.
ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், அதனால் பெயர் உதிர்ந்திருக்கலாம்.
இல்லை, பதினோராம் அதிகாரத்தில்
கிரேக்கச் சொல் ஒன்றுக்கு ஆண்பால் விகுதி
என்று அதற்கு மறுப்பு.

ஒரு விகுதி!
தொண்ணூறாம் ஆண்டு நாங்கள்
பெடியன்களை எல்லாம் 'அவள்' என்றே எழுதினோம்.
அவளுக்கு இருமல் சுகம் என்றால்
தம்பி உயிரோடு இருக்கிறான்.

அந்த ஆவணியில், தபால் ஓடாத நாட்களில்,
தயிர்ச்சட்டி வாயில் கட்டிய தாளுக்கு அடியில்
ஒரு கடிதம் வந்தது.
பெயர் இல்லை. அன்புள்ள இல்லை.
சாமான் போனது போகட்டும், என்று தொடங்கியது.
ஆளுக்கொரு பக்கமாப் பிரிஞ்சு போயிராதீங்க.
ஒண்டா இருங்க.
கடைசியில்:
சின்னவள் வெளிய வந்திட்டாள்,
கெதியா வந்தால் ரெண்டு பேருமா வாறம்,
இங்க உள்ளாக்கள் சுகம் கேட்டாங்க.

இங்க என்றால் எங்க?
படுவான்கரையா, காடா, கம்பிக்கு உள்ளேயா?
யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.
கோயில் மண்டபத்தில் பதினாலு குடும்பம்.
தோணி ஏறக் கட்டியிருந்த மூட்டைகளைச் சிலர்
அன்றிரவே அவிழ்த்தார்கள்.
யோகவதி அவிழ்க்கவில்லை. போனாள்.
அவளுக்கு இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகள்.
அவிழ்த்தவர்களில் மூன்று பேர்
அடுத்த மாரியைப் பார்க்கவில்லை.
வருகிறோம் என்ற இருவரும் வரவில்லை.

இதையெல்லாம் விடைத்தாளில் எப்படி எழுதுவது?
எழுதினேன்.
யாருக்கு: வீடு பறிபோனதை ஒருமுறை
சிரித்துக்கொண்டே தாங்கியவர்களுக்கு,
இரண்டாம் முறை சிரிப்பு வராதவர்களுக்கு.
எதற்காக: மூட்டையை அவிழ்க்க.
அது சரியா பிழையா என்று கடிதத்துக்கும் தெரியாது.
எழுதியவர்: முத்திரை தெளிவில்லை.

திரும்பி வந்தது, பதினொரு புள்ளியோடு.
ஓரத்தில் சிவப்பு மையில், சான்று தேவை.

சான்று அலுமாரியில் இருக்கிறது, போதகர்.
'ழ'வின் வாலை அடுத்த வரிவரை இழுக்கும் கை.
யாருடையதென்று முப்பது வருடமாகப் பார்க்கிறேன்,
மணியோடர்த் தாள்களில், கலியாணப் பதிவில்,
கல்லறைச் சிலுவைகளில் கூட.
அடியில் ஒரு வரி:
வாசிச்சதும் எரிச்சிருங்க.

நான் எரிக்கவில்லை.
அந்த மற்றக் கடிதத்தையும்
யாரோ ஒருத்தி அடுப்புவரை கொண்டுபோய்,
நெருப்பு வெளிச்சத்தில் இன்னொரு தரம் வாசித்து,
சேலைக்குள் செருகிக்கொண்டு
சோற்றை இறக்கியிருப்பாள்.