கூட்டக் குறிப்பு

செவ்வாய் மாலை ஆறரை. லூயிஸ்டன், மேய்ன் மாநிலம்.
செருப்புத் தொழிலாளர் சங்கத்தின் பழைய மாடி.
மடக்கு நாற்காலிகள் நாற்பது போட்டோம்.
கண்ணை உறுத்தவே
இருபதை மடக்கிச் சுவரில் சாய்த்தோம்.

வந்தவர் பதினான்கு.
விதி ஒன்பது கேட்பது பதினைந்து.
குறைகளுக்குப் பஞ்சமில்லை இங்கே,
குறைவெண்ணுக்குத்தான் ஒரு தலை குறைகிறது.

ரெய்ன் கோர்மியர் கடிதத்தை மறுபடி வாசித்தார்.
மார்ச் முதல் தேதிக்குள்
முற்போக்கு அணி திருத்தி அமைக்கப்படாவிட்டால்
மாநிலக் குழுவில் அதன் இரண்டு இடங்கள்
பொதுவில் நிரப்பப்படும்.
பொது என்றால் யார் என்று
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் பெயர் சொல்லவில்லை.

பத்துப் பேர் போதும் என்று விதியை மாற்றலாமே,
என்றான் கல்லூரிப் பையன் ஆன்சல்.
மாற்றலாம்.
மாற்றுவதற்குப் பதினைந்து பேர் வேண்டும்.

வங்கியில் இருநூற்றுப் பதினோரு டாலர்.
கையெழுத்திடும் உரிமை இருவருக்கு.
ஒருவர் இறந்துவிட்டார்,
மற்றவர் நோர்மண்ட் பெல்கி.
அந்தப் பெயருக்குப் பிறகு
கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.

ஈராண்டுக்கு முன் இதே அறையில்தான் உடைந்தோம்.
காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம்.
என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவே:
வாடகை வரம்புத் தீர்மானம், மூன்றாம் பத்தி,
'வேண்டும்' என்பதா, 'வேண்டுகிறோம்' என்பதா.
பெல்கி 'வேண்டும்' பக்கம்.
ஒரு விகுதிக்காகப்
பதினாறு வருடப் பழக்கம்
தடதடவென்று படியிறங்கிப் போனது.

ஹோதன் வர்சமே கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒன்பதரைக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
"எங்கள் கட்டடத்தில் இருபத்தாறு வீடு.
நான் தட்டினால் திறப்பார்கள்.
அணி, கினி என்றால் சாத்திவிடுவார்கள்.
கொதிகலன் கெட்டு ஒன்பது நாள் ஆகிறது,
பிள்ளைகள் மேல்கோட்டோடு தூங்குகிறார்கள்.
அதைப் பேசலாமா, இல்லை
நாம் யார் என்றே பேசிக்கொண்டிருப்போமா?"

இதை நான் எழுதிக்கொள்ளவில்லை.
முன்மொழியாத எதையும்
குறிப்பில் ஏற்றக் கூடாது.

எட்டு இருபதுக்குப் படியில் பூட்ஸ் சத்தம்.
தாடியில் பனியோடு பெல்கி.
"கூட்டத்துக்கு வரவில்லை" என்றார் யாரும் கேட்காமலே,
"என் காப்பிப் பாத்திரத்துக்கு வந்தேன்.
அடியில் பெயர் எழுதியிருக்கிறேன், பாருங்கள்."
பார்க்க முடியவில்லை.
முப்பது கோப்பை காப்பி கொதித்துக்கொண்டிருந்தது அதில்.

ரெய்ன் பட்டியலைப் புரட்டினார்.
அன்றைய கோபத்தில்
விலகல் கடிதம் எழுத மறந்திருக்கிறார் மனிதர்.

"நோர்மண்ட், அது ஆறும்வரை உட்காரேன்."
"உட்கார்ந்தால் எதிர்த்துத்தான் கை தூக்குவேன்."
"தூக்கு."

கோட்டைக் கழற்றாமல்
கடைசி நாற்காலியில் பாதி உட்கார்ந்தார்.

அணியைத் திருத்தி அமைக்கும் தீர்மானம்:
ஆதரவு பதினான்கு.
எதிர்ப்பு, கையுறை போட்ட ஒரு கை.
அந்தக் கை இல்லையென்றால்
மற்ற பதினான்கும் காற்றில் நீட்டிய கை.
அது அவருக்கும் தெரியும்.
தெரிந்தே வைத்திருந்தார்,
நான் எண்ணி முடித்த பிறகும்,
இறக்கச் சொல்லும்வரை.

ரெய்ன் வங்கிப் படிவத்தையும் நீட்டினார்.
நின்றபடியே கையெழுத்துப் போட்டார்,
பேனாவைத் திருப்பித் தரவில்லை.

ஹோதன் கிளம்பும்போது
கதவைப் பிடித்துக்கொண்டு பெல்கி கேட்டார்:
"கொதிகலன் என்ன கம்பெனி?"
இருவரும் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.
பாத்திரம் சிந்திய காப்பி
படிக்குப் படி உறைந்து
பூட்டிக்கொண்டு வந்த என்னை வழுக்கியது.

எட்டு ஐம்பத்திரண்டு: கூட்டம் நிறைவு.
வருகை: பதினைந்து.
அடுத்த கூட்டம் ஹோதன் கட்டடத்தின் அடித்தளத்தில்.
காப்பிப் பாத்திரம் வேண்டும்.

'வேண்டும்' என்றே எழுதினேன்.